கூன் முதுகும் பக்க வளைவும்: சீன மரபு மருத்துவத்தில் முதுகெலும்பை நேராக்கிய வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

முதுகெலும்பின் பக்கவாட்டு வளைவைச் சீன மரபு மருத்துவம் ஈராயிரம் ஆண்டுகளாகக் குணப்படுத்தி வருகிறது என்னும் கூற்று இன்று பரவலாக வழங்குகிறது. சீன மருத்துவ நூல்கள் ‘வளைந்த முதுகு’ என்று எவற்றைக் குறித்தன, அவற்றிற்கு என்ன செய்தன என்பதை ஹான் காலம் முதல் ச்சிங் காலம் வரையிலான நூல்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. அந்நூல்கள் பேசியவை பெரும்பாலும் முன்னோக்கிய கூனும் அடிபட்ட முதுகுமே என்பதும், பக்க வளைவு தனியொரு நோயாக அடையாளம் பெற்றது பிற்காலத்தில் என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன. இன்றைய சிகிச்சைக்கு அம்மரபில் உண்மையான முன்னோடி எது என்ற வினாவும் எழுப்பப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சீன மருத்துவ வரலாறு, முதுகெலும்பு வளைவு, கூன், ஆமை முதுகு, என்பு பொருத்துதல், துவினா, யீசோங் ஜின்ஜியான்

முன்னுரை

வளரிளம் பருவத்தினருள் நூற்றுக்கு இருவர் அல்லது மூவரின் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருப்பதாக மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. அவர்களுள் பெரும்பாலோர்க்கு இதன் காரணம் இன்னதென்று தெரிவதில்லை. பலருக்கு வளைவு சிறிதாகவே நின்றுவிடுகிறது. சிலருக்கு, அதிலும் குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, உடல் விரைந்து வளரும் ஓரிரு ஆண்டுகளில் அது வேகமாகக் கூடுகிறது. எந்தப் பிள்ளைக்கு வளைவு நிற்கும், எந்தப் பிள்ளைக்குக் கூடும் என்பதை முதல் நாளில் உறுதியாகச் சொல்ல இயலாது. எலும்பு வளர்ச்சி முடிந்தபின் உடற்பட்டை பயன்படாது. ஆகவே இந்நோயில் காலமே பெரும் பொருள். பொருந்தாத சிகிச்சையில் கழியும் ஓராண்டு பிள்ளையின் வாழ்நாள் முழுவதையும் பாதிக்கக்கூடும்.

இந்நிலையில் பெற்றோர் முன் வைக்கப்படும் சிகிச்சைகளுள் சீன மரபு மருத்துவமும் ஒன்று. துவினா எனப்படும் கைம்முறைச் சிகிச்சை, அக்குபங்சர், மூலிகைக் கசாயம் ஆகியவை சீனாவிலும் சீனாவுக்கு வெளியிலும் இதற்காக அளிக்கப்படுகின்றன. அவற்றிற்கு ஆதரவாக முதலில் எடுத்துரைக்கப்படுவது பெரும்பாலும் தொன்மை. ஒரு முறை பயன் தருகிறதா என்பதை வரலாற்றாய்வு தீர்மானிக்க இயலாது. ஆனால் தொன்மையைச் சான்றாக முன்வைக்கும் கூற்று வரலாற்றுக் கூற்றாதலால், அதனை நூல்களில் வைத்துச் சோதிப்பது வரலாற்றாய்வின் கடமையாகிறது.

சொல்லும் நோயும்

‘பக்க வளைவு’ என்பதற்கு இன்றைய சீனத்தில் வழங்கும் சொல் ‘ஜிஜூ செவான்’. முதுகுத் தூண், பக்கம், வளைவு என்னும் மூன்று பொருள்களும் அதில் வெளிப்படையாக உள்ளன. பழைய மருத்துவ நூல்களில் நோய்ப் பெயராக வருபவை வேறு சொற்கள். ‘யூ’, ‘லோ’ ஆகிய இரண்டும் குனிந்த உடலைக் குறிப்பவை. பேச்சு வழக்கில் ‘துவோபெய்’, அதாவது ஒட்டக முதுகு என்பர். குழந்தை மருத்துவ நூல்கள் ‘குவேய்பெய்’, அதாவது ஆமை முதுகு என்கின்றன. இவை அனைத்தும் முன்னோக்கிய குனிவையோ பின்னோக்கிய புடைப்பையோ காட்டுகின்றன. பக்கம் என்ற கருத்து இவற்றுள் எதிலும் இல்லை. தமிழில் ‘கூன்’ என்ற சொல்லும் ஏறத்தாழ இத்தன்மையதே. ஆதலின் இச்சீனச் சொற்களைக் கூன் என்று பெயர்ப்பதில் பிழையில்லை. அவற்றை ‘முதுகெலும்பு வளைவு’ என்று பொதுவாகப் பெயர்த்து, பின்னர் அதனைப் பக்க வளைவு என்று வாசிக்கும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது.

மருத்துவம் சாராத நூல்களிலும் கூனர் உண்டு. சுவாங்ஸி என்னும் தாவோயிச நூலில் வரும் ஷூ என்பவன் மோவாய் தொப்புளில் புதையவும் தோள்கள் உச்சந்தலைக்கு மேல் நிற்கவும் குனிந்தவன். துணி தைத்தும் துவைத்தும் பிழைக்கிறான். போருக்கு ஆள் திரட்டும்போது அவனை எவரும் அழைப்பதில்லை. நோயாளிகளுக்கு அரசு தானியம் வழங்கும்போது அவனுக்கும் பங்கு கிடைக்கிறது. அதே நூலில் நீண்ட கழியால் சில்வண்டு பிடிப்பதில் தேர்ந்த கூனர் ஒருவரைக் கன்பூசியஸ் கண்டு வியக்கிறார். இருவரையும் எவரும் நேராக்க முயலவில்லை. அங்கே கூன் நோயாகப் பார்க்கப்படவில்லை. அது ஓர் உடலின் அமைப்பு. அதனோடு வாழும் வழி ஒன்றும் இருந்தது.

மருத்துவ மரபின் மூல நூலாகிய ஹுவாங்தி நெய்ஜிங், கி.மு. 2, 1ஆம் நூற்றாண்டுகளில் உருவான பகுதிகளை உள்ளடக்கியது. அதன் சுவென் பகுதியில் முதுகு பல இடங்களில் பேசப்படுகிறது. ஓரிடத்தில், முதுகு வளைந்து தோள்கள் தொய்வது நெஞ்சகத்தின் அழிவு நெருங்கியதற்கு அடையாளம் எனக் கூறப்படுகிறது. குனிவு இங்கே நோயன்று, நோயின் குறி. வேறோரிடத்தில் உடலின் காப்பு ஆற்றல் முறையாகத் திறந்து மூடாதபோது குளிர் புகுந்து ‘தா லோ’ என்னும் பெருங்கூன் பிறக்கிறது என்று நூல் விளக்குகிறது. முதுகின் நடுவே செல்லும் ‘து மாய்’ என்னும் தடம் பழுதுற்றால் முதுகு விறைத்துப் பின்னோக்கி வில்லாக வளையும் என்பது மற்றொரு குறிப்பு. இன்றைய சிகிச்சையகங்கள் பக்க வளைவுக்கு மேற்கோளாகக் காட்டுவது பெரும்பாலும் இந்தத் து மாய் கோட்பாட்டையே. மூலத்தில் அது பேசுவது விறைப்பையும் பின் வளைவையும். பக்க வளைவை அன்று.

தா லோ என்ற சொல்லின் பிற்கால வரலாறு கவனிக்கத்தக்கது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜியாவ் ஷுதே என்னும் மரபு மருத்துவர், முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகும் முடக்குவாத வகை நோய்க்கு இப்பழஞ்சொல்லைப் பெயராக முன்மொழிந்தார். அது நன்கு சிந்தித்துச் செய்த பெயர் சூட்டல். எனினும் சூட்டப்பட்ட பெயர் பழையது என்பதால் நோயறிவும் பழையது என்று வாசகர் எண்ணிவிடுகின்றனர். பக்க வளைவுக்கு இத்தகைய பழம்பெயர்கூட வாய்க்கவில்லை.

ஹான் காலத்து மருத்துவர் ஹுவா துவோவின் பெயரால் வழங்கும் புள்ளிகளும் இவ்வாறே. முதுகுத் தண்டின் இருமருங்கும் அமைந்த அப்புள்ளிகளுக்குச் சான்றாக வரும் பழங்கதையில் நோயாளி ஒருவர் கால்கள் செயலிழந்து நடக்க இயலாதவராக இருக்கிறார். ஹுவா துவோ அவர் முதுகில் பல இடங்களைக் குறித்து, மாசிபத்திரி இனச் செடியின் உலர்ந்த இலையைக் கொண்டு சூடு வைக்கச் செய்கிறார். நோயாளி நடக்கிறார். சூட்டுத் தழும்புகள் முதுகின் இருபுறமும் நூல் பிடித்தாற்போல் நேராக அமைந்திருந்தன என்று கதை முடிகிறது. தண்டை ஒட்டிய தழும்புகள் நேர்கோட்டில் அமைந்தன எனில் அம்முதுகு வளைந்ததன்று என்பது வெளிப்படை.

கி.பி. 610-இல் சுயி அரசவை மருத்துவர் சாவோ யுவான்ஃபாங் தலைமையில் தொகுக்கப்பட்ட ஜூபிங் யுவான்ஹோ லுன், நோய்களின் தோற்றுவாயையும் குறிகளையும் வகைப்படுத்தும் பெருநூல். அதில் முதுகுக் கூனுக்குத் தனித் தலைப்பே உண்டு. கல்லீரல் தசைநாண்களை ஆள்கிறது. காற்றும் குளிரும் முதுகுத் தசைநாண்களைத் தாக்கினால் அவை சுருங்குகின்றன. சுருங்கியவை முதுகை இழுத்து வளைக்கின்றன என்பது அந்நூலின் விளக்கம். எலும்பைத் தாங்கி நிற்பவை தசைநாண்கள், ஆகவே அவற்றைக் கவனி என்னும் இக்கருத்து பின்வந்த ஆயிரம் ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது.

ஆமை முதுகு

குழந்தைகளின் முதுகு வளைவைத் தனியே எடுத்துப் பேசிய நூல்களுள் முதன்மையானது சோங் காலத்து ச்சியான் யீயின் குழந்தை மருத்துவ நூல். அவருடைய போதனைகளை யான் ஷியாவ்சோங் தொகுத்து 1119-இல் வெளியிட்டார். பிறந்த குழந்தையின் முதுகில் காற்றுப் புகுந்து மச்சைவரை சென்றால் ஆமை முதுகு உண்டாகும் என்கிறது அந்நூல். அதற்குச் சொல்லப்படும் மருந்து ஆமையின் சிறுநீர். அதனைப் பெறும் முறையும் விளக்கப்பட்டுள்ளது: தாமரை இலைமேல் ஆமையை வைத்து அதன் முன் கண்ணாடியைக் காட்டினால் அது சிறுநீர் கழிக்கும், அதைச் சேர்த்து எலும்பு மூட்டுகளின்மேல் இட வேண்டும்.

இதை இன்று படிக்கும் எவருக்கும் புன்னகை வரும். ஆயினும் இதே ச்சியான் யீதான், பிறவி வலுக்குறைவால் உச்சிக்குழி மூடாத குழந்தைகளுக்காக ஆறு மூலிகைகள் கொண்ட திஹுவாங் மாத்திரையை வகுத்தவர். ‘சிறுநீரகம் எலும்பை ஆள்கிறது’ என்ற பழங்கோட்பாட்டின்படி எலும்பு வளர்ச்சிக் குறைவுக்கு அம்மருந்து அளிக்கப்பட்டது. இன்றளவும் அது மரபு மருத்துவத்தின் பெருவழக்கான மருந்துகளுள் ஒன்று. ஒரே மருத்துவரிடம், ஒப்புமையால் அமைந்த மருந்தும் கோட்பாட்டால் அமைந்த மருந்தும் அருகருகே இருந்தன. பழைய நூலிலிருந்து மாத்திரையை மட்டும் எடுத்துக்கொண்டு ஆமையை விட்டுவிடும் இன்றைய தொகுப்புகள் அம்மரபைப் பெருமைப்படுத்துவதாக எண்ணிக் குறைத்துக் காட்டுகின்றன.

ஆமை முதுகு என்ற பெயரின்கீழ் எந்தெந்த நோய்கள் இருந்திருக்கும்? உச்சிக்குழி மூடாமை, நெஞ்சு புடைத்த ‘ஆமை நெஞ்சு’ ஆகியவற்றோடு சேர்த்துப் பேசப்படுவதால் உயிர்ச்சத்து ‘டி’ குறைவால் வரும் ரிக்கெட்ஸ் நோய் அவற்றுள் இருந்திருக்க வாய்ப்புண்டு. முள்ளெலும்பைத் தாக்கும் காசநோயும் குழந்தைகளிடம் கூர்மையான கூனை உண்டாக்கும். இதற்கு எதிராக ஒரு நியாயமான மறுப்பை எழுப்பலாம். பக்க வளைவில் முள்ளெலும்புகள் வளைவதோடு சுழலவும் செய்கின்றன; அச்சுழற்சியால் விலா எலும்புகள் ஒரு பக்கம் புடைக்கின்றன. 1865-இல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ் விளக்கிய முன்குனிவுச் சோதனை இப்புடைப்பையே காண்கிறது. அப்புடைப்பைப் பழைய மருத்துவர்கள் ஆமை முதுகு என்றே சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்லியிருக்கலாம். ஆனால் நூல்கள் இடப்புறம், வலப்புறம் என்று வேறுபடுத்தாத வரையில், அவர்கள் கண்டவற்றுள் எது பக்க வளைவு என்று இன்று பிரித்தறிய வழியில்லை. கண்டிருக்கலாம் என்பது வேறு, அறிந்து சிகிச்சை செய்தனர் என்பது வேறு. பின்வந்த குழந்தை மருத்துவ நூல்கள் சில, ஆமை முதுகு பெரும்பாலும் தீராப் பிணியாகவே நிலைத்துவிடும் என வெளிப்படையாக எழுதின.

மருத்துவர்மேல் வந்த சிரிப்பு

முதுகை நேராக்குவோர் இருந்தனர் என்பதற்கும் அவர்களால் தீங்கு நேர்ந்தது என்பதற்கும் மருத்துவ நூல்களைவிடத் தெளிவான சான்று சிரிப்புக் கதைகளில் கிடைக்கிறது. மூன்றாம் நூற்றாண்டில் ஹாந்தான் சுன் தொகுத்ததாகக் கருதப்படும் ஷியாவ்லின் என்னும் நகைச்சுவைத் தொகுப்பில், பிங்யுவான் ஊரில் கூன் நிமிர்த்துவதில் பேர்பெற்றவன் ஒருவன் வருகிறான். கூனன் ஒருவன் பெரும் பொருள் கொடுத்து அவனிடம் செல்கிறான். மருத்துவன் அவனைக் குப்புறப் படுக்கச் சொல்லி முதுகின்மேல் ஏறி மிதிக்க முற்படுகிறான். கொல்லப் பார்க்கிறாயே என்று கூனன் அலற, நேராக்குவதுதான் என் வேலை, சாவைப் பற்றி எனக்கென்ன தெரியும் என்ற பொருளில் மருத்துவன் விடையளிக்கிறான்.

மிங் காலத்தில் ஜியாங் யிங்கே இக்கதையை விரித்தெழுதினார். அங்கே மருத்துவன் இரண்டு பலகைகளுக்கு இடையே கூனனைக் கிடத்தி மேற்பலகையில் ஏறி மிதிக்கிறான். முதுகு நேராகிறது, நோயாளி இறக்கிறான். மகன் வழக்காடப் போனபோது, நேராக்குவதற்கே தான் பொறுப்பு என்று மருத்துவன் வாதிடுகிறான். ஜியாங் யிங்கேயின் அம்பு மருத்துவர்மேல் எய்யப்பட்டதன்று. மக்கள் மடிந்தாலும் வரி வசூலானால் போதும் என்றிருக்கும் அதிகாரிகளை நோக்கியது அது. ஓர் உவமை எடுபட வேண்டுமாயின் அதன் முதற்பாதி கேட்போர்க்குத் தெரிந்ததாக இருத்தல் வேண்டும். பலகையும் மிதியும் அக்காலத்து வாசகர்க்கு நம்பத்தகாதனவாக இருந்திருந்தால் இவ்வுவமை நின்றிருக்காது.

மிதித்து நேராக்குதல் சீனாவுக்கு மட்டும் உரியதன்று. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டஸின் பெயரால் வழங்கும் மூட்டுகள் பற்றிய நூலும், நோயாளியை இருபுறமும் இழுத்துப் பிடித்துக்கொண்டு கூனின்மேல் அமரலாம், காலால் அழுத்தலாம் என்கிறது. ஏணியில் கட்டிக் குலுக்கும் முறையையும் விவரித்துவிட்டு, அது கூட்டத்தை வாய்பிளக்க வைப்பவர்களின் வித்தை என்று அந்நூலாசிரியரே முகம் சுளிக்கிறார்.

முறிந்த முதுகும் குழிந்த பலகையும்

கூனைப் பற்றிய கோட்பாடுகள் ஒரு பக்கம் வளர, அடிபட்ட முதுகைக் கையாண்டோர் வேறொரு பக்கம் அறிவு சேர்த்து வந்தனர். தாங் அரசின் மருத்துவக் கழகத்தில் உடல் பிடித்துவிடும் முறைக்குத் தனித் துறையும் ஆசிரியரும் இருந்தனர்; எலும்பு முறிவும் மூட்டுப் பிசகும் அத்துறையின் பொறுப்பிலேயே இருந்தன. பிடித்துவிடுதலும் எலும்பு பொருத்துதலும் அங்கே ஒரே கையின் இரு வேலைகள்.

இதற்கு இணையாக உடலசைவுப் பயிற்சி மரபும் இருந்தது. கி.மு. 168-இல் மூடப்பட்ட மாவாங்துவேய் மூன்றாம் கல்லறை 1973-இல் அகழப்பட்டபோது கிடைத்த பட்டுத் துணி ஓவியத்தில் 44 மனித உருவங்கள் தாவோயின் எனப்படும் பயிற்சிகளைச் செய்து நிற்கின்றன. ஏழாம் நூற்றாண்டில் சுன் சிமியாவ் எழுதிய ச்சியான்ஜின் மருந்து நூலில் இந்திய நாட்டு முறை என்றும் பிராமணர் முறை என்றும் பெயரிட்டு 18 அசைவுகள் கொண்ட பயிற்சித் தொகுதி ஒன்று தரப்பட்டுள்ளது. அது இந்தியாவின் எப்பகுதியிலிருந்து சென்றது என்பதற்கு அப்பெயர் விடையளிக்கவில்லை. உடலை முறுக்குதல், பின்னோக்கிப் பார்த்தல், தரையில் கை ஊன்றி முதுகை வளைத்தல் போன்றவை அதில் உள்ளன. அவை நாள்தோறும் செய்து நோய் அணுகாமல் காக்கும் நல்வாழ்வுப் பயிற்சிகள். வளைந்த எலும்பை நிமிர்த்துவதாக நூல் உறுதி கூறவில்லை.

முதுகெலும்பு முறிவைப் பற்றிய தெளிவான அறிவுரையை யுவான் காலத்தில் காண்கிறோம். ஜியாங்ஷி மாநிலத்து நான்ஃபெங்கைச் சேர்ந்த வெய் யீலின், ஐந்து தலைமுறையாக மருத்துவம் செய்த குடும்பத்தில் வந்தவர். அவர் 1337-இல் முடித்த ஷியீ தெஷியாவ் ஃபாங் 1345-இல் அச்சேறியது. முறிந்த முதுகெலும்பைக் கையால் சரிசெய்ய முயலாதே என்பதே அவருடைய முதல் விதி. மென்மையான கயிற்றால் கால்களைக் கட்டி நோயாளியைத் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். உடல் தன் எடையாலேயே நேராகும்போது எலும்பு தானாகத் தன் குழிக்குத் திரும்பும். பின்னர் முதுகின்மேல் அகன்ற முசுக்கட்டை மரப்பட்டையும் அதன்மேல் ஊசியிலை மரப்பட்டைகளும் வைத்து மென்துணியால் இறுகக் கட்ட வேண்டும். நோயாளி குனியவே கூடாது.

1929-இல் அமெரிக்க மருத்துவர் டேவிஸ் கால்வழித் தொங்கவிட்டு முதுகெலும்பு முறிவைச் சீர்செய்யும் முறையை வெளியிட்டதைக் காட்டி, வெய் யீலின் ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் முந்தியவர் எனச் சீன மருத்துவ வரலாற்று நூல்கள் பெருமிதம் கொள்கின்றன. முந்தியவர் என்பது உண்மை. உலகிலேயே முதல்வர் என்று சொல்ல வருவோர் ஹிப்போகிரட்டஸின் ஏணியையும் கணக்கில் கொள்ள வேண்டும். அதிலும் நோயாளியைத் தலைகீழாகக் கட்டுவதுண்டு. வெய் யீலினின் உண்மையான சிறப்பு காலமுதன்மையில் இல்லை. மிதிக்கும் கைகளும் அழுத்தும் கைகளும் நிறைந்த ஓர் உலகில், இங்கே கை வைக்காதே என்று எழுதிய துணிவில் உள்ளது.

இம்மரபின் உச்சம் 1742-இல் ச்சியான்லோங் பேரரசர் ஆணையால் வூ ச்சியான் தலைமையில் தொகுக்கப்பட்ட யீசோங் ஜின்ஜியான். அதன் என்பு பொருத்தும் பகுதி தடவி அறிதல், பொருத்துதல், தாங்கிப் பிடித்தல், உயர்த்துதல், அழுத்துதல், தேய்த்தல், தள்ளுதல், பற்றுதல் என்னும் எட்டுக் கைம்முறைகளை வகுக்கிறது. முதலில் நிற்பது தடவி அறிதல் என்பதைக் கருதுக. கதிர்ப்படம் இல்லாத காலத்தில் விரல்களே கண்கள்.

அந்நூல் முதுகுத் தண்டைப் பற்றிக் கூறும் பகுதி இக்கட்டுரைக்கு மிக முக்கியமானது. முன்னரே காற்றும் குளிரும் தாக்கிய முதுகில் அடிபட்டு இரத்தம் கட்டிக்கொண்டு, முதுகுத் தசைநாண் புடைத்தெழுந்தால், எலும்பு இணைப்புப் பிசகியிருக்கும்; அதனால் கூன் வடிவம் உண்டாகும் என்கிறது நூல். சிகிச்சையின் வரிசை கறாரானது. முதலில் தசைநாண்களைப் பிசைந்து இளக்க வேண்டும். அதன்பின் எலும்பை மெல்ல மெல்ல அழுத்தி இணைப்பில் சேர்க்க வேண்டும். சுயி காலத்து நூலில் விளக்கமாக மட்டும் இருந்த தசைநாண் கருத்து இங்கே செய்முறையாகிவிட்டது. ஷியாவ்லின் கதையின் மருத்துவன் ஒரே மிதியில் முடிக்க நினைத்ததைப் பேரரசின் பாடநூல் பொறுமையான இரண்டு படிகளாகப் பிரித்துவைத்தது.

கருவிகளும் அந்நூலில் படங்களோடு விளக்கப்பட்டுள்ளன. அடிபட்டு மார்பு அமுங்கி உடல் நிமிராதவர்க்குக் கயிறும் செங்கல்லும் கொண்ட முறை ஒன்று உண்டு. நோயாளி ஒவ்வொரு காலின் கீழும் மும்மூன்று செங்கற்களை அடுக்கி அவற்றின்மேல் நின்று, மேலே கட்டிய கயிறுகளை இரு கைகளாலும் பற்றிக்கொள்வார். ஒருவர் பின்புறமிருந்து இடுப்பைப் பிடித்துக்கொள்வார். பக்கத்திற்கு ஒன்றாகச் செங்கல் உருவப்படும்; நோயாளி உடலை நிமிர்த்தி மார்பை முன்தள்ள வேண்டும். சற்று இடைவெளி விட்டு மீண்டும் ஒவ்வொன்று. மூன்றாம் முறை கால்கள் தரையைத் தொடும். பின்னர் மூங்கில் தட்டியால் மார்பைச் சுற்றி எட்டு அகன்ற பட்டைகளால் கட்டி, மல்லாந்து மட்டுமே படுக்கச் செய்வர். இழுப்பைப் படிப்படியாகக் கூட்டுவதும், நோயாளியின் சொந்தத் தசை முயற்சியைச் சிகிச்சையின் பகுதியாக்குவதும் இங்கே தெளிவாகத் தெரிகின்றன.

இதனினும் சிறந்தது ‘தோங்மூ’ என்னும் முதுகுப் பலகை. ஊசியிலை மரத்தால் ஆன அப்பலகையின் அகலம் 3 சுன், கனம் 2 சுன். சுன் என்பது ஏறத்தாழ ஓர் அங்குல அளவு. இடுப்பில் தொடங்கித் தோளுக்கு மேல் ஒரு சுன் உயரம் வரை அது நீளும். வெளிப்புறம் சமதளம். உட்புறம், நோயாளியின் முதுகுத் தண்டுக்கும் அதன் இருமருங்குத் தசைக்கும் அச்சாகப் பொருந்துமாறு குழிவாகச் செதுக்கப்படும். தோலில் உரசாதிருக்கப் பஞ்சும் மென்துணியும் வைத்து, துளைகளில் கோத்த பட்டைகளைத் தோள், அக்குள், இடுப்பு வழியாகச் சுற்றிக் கட்டுவர். இடுப்பு எலும்புக்கு இதன் துணையாக ‘யாவ்ஜூ’ என்னும் தப்பைக் கட்டு உண்டு. ஒவ்வொரு முதுகும் வேறு, ஆகவே ஒவ்வொரு பலகையும் வேறாகச் செதுக்கப்பட வேண்டும் என்பது இக்கருவியின் உட்கிடை. இதுவும் அடிபட்டவர்க்கான கருவியே என்பதை மறைக்க வேண்டியதில்லை. வளரும் பிள்ளையின் காரணமறியா வளைவுக்கு அது அணிவிக்கப்பட்டதாக நூல் சொல்லவில்லை.

கோணம் அளக்கப்பட்ட பின்

பக்க வளைவை ஒரு தனி நோயாக நிலைநிறுத்தியவை இரண்டு: 1895-இல் கண்டறியப்பட்ட கதிர்ப்படமும், 1948-இல் அமெரிக்க எலும்பியல் மருத்துவர் ஜான் காப் வகுத்த கோண அளவும். வளைவின் மேல் எல்லையிலும் கீழ் எல்லையிலும் உள்ள முள்ளெலும்புகளை ஒட்டிக் கோடு வரைந்து அவற்றிடையே உள்ள கோணத்தை அளப்பது காப் முறை. 10 பாகையும் அதற்கு மேலும் இருந்தால் அது பக்க வளைவு எனப்படுகிறது. அளவு வந்த பிறகே சிகிச்சைகளை ஒன்றோடொன்று ஒப்பிட இயன்றது. அளவு வருவதற்கு முன் மேலை மருத்துவமும் இருட்டில்தான் இருந்தது. 1941-இல் அமெரிக்க எலும்பியல் சங்கக் குழு ஒன்று 425 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, உடற்பயிற்சியை மட்டும் நம்பியோருள் பாதிக்கு மேற்பட்டோரின் வளைவு கூடியிருந்தது தெரியவந்தது.

சீனாவில் 1956-இல் பெய்ஜிங், ஷாங்ஹாய், குவாங்சோ, செங்து ஆகிய நான்கு நகரங்களில் மரபு மருத்துவக் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. கல்லூரிப் பாடநூல் எழுதப்பட வேண்டிய தேவை எழுந்தபோது நவீன நோய்ப் பெயர்களுக்கு நேரான பழஞ்சொற்கள் தேடப்பட்டன. து மாய், ஹுவா துவோ புள்ளிகள், எலும்பை ஆளும் சிறுநீரகம் ஆகியவை பக்க வளைவின் விளக்கத்தில் வந்து சேர்ந்ததும் இத்தகைய தேடலின் தொடர்ச்சியாகவே தோன்றுகிறது. இதைப் புனைவு என்று ஒதுக்குவது சரியன்று. உயிருள்ள மரபு எதுவும் புதிய நோயைப் பழைய மொழியில்தான் முதலில் பேசும். ஆனால் 1950-களுக்குப் பின் நிகழ்ந்த இந்தப் பேச்சை ஹான் காலத்து அனுபவமாக எண்ணிவிடக் கூடாது.

அதே காலத்தில் தியான்ஜின் நகரில் ஃபாங் ஷியான்ஜி, ஷாங் தியான்யூ ஆகிய மருத்துவர்கள் வேறொரு வழியில் சென்றனர். மேலை எலும்பியலில் பயின்ற அவர்கள், மரபு எலும்பு கட்டுவோரின் சிறு சிம்புகளைக் கதிர்ப்படத்தின் துணையோடு சோதித்து 1960-களில் தம் முடிவுகளை வெளியிட்டனர். அசைவையும் ஓய்வையும் இணைத்தல், தசைநாணையும் எலும்பையும் ஒப்பக் கருதுதல், உள்மருந்தும் வெளிமருந்தும் சேர்த்தல், மருத்துவரும் நோயாளியும் ஒத்துழைத்தல் என்ற நான்கு கொள்கைகள் அதிலிருந்து பிறந்தன. பழைய நூலிலிருந்து ஒரு கருவியை எடுத்து, எதற்காக அது வகுக்கப்பட்டதோ அதே நோயில் சோதித்துப் பார்த்ததே அவர்கள் முறையின் வலிமை.

பக்க வளைவில் இத்தகைய சோதனை இன்னும் உறுதியாக நடைபெறவில்லை. துவினாவாலும் அக்குபங்சராலும் சில பாகைகள் குறைந்ததாகக் கூறும் ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. நீண்டகாலத் தொடர் கவனிப்பு குறைந்தவை. காப் கோணத்தை ஒரே படத்தில் இருவர் அளந்தாலே ஏறத்தாழ 5 பாகை வேறுபாடு வரக்கூடும். 5 பாகைக்குள் அடங்கும் முன்னேற்றத்தை நோயின் மாற்றம் என்பதா, அளவின் தடுமாற்றம் என்பதா? முதுகுவலியும் தசை இறுக்கமும் துவினாவால் தணியலாம். பிள்ளைக்கு அது ஆறுதலே. ஆனால் தசை இளகியதை எலும்பு நேரானதாகப் பெற்றோர் புரிந்துகொண்டு, கதிர்ப்படத்தைத் தள்ளிப்போடும்போது வளர்ச்சிக் காலம் கைநழுவிவிடுகிறது.

வளைவு கூடாமல் தடுப்பதில் உடற்பட்டைக்கு வலுவான சான்று 2013-இல் வெளிவந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த அவ்வாய்வில், வளர்ச்சி முடியும்போது வளைவு 50 பாகையை எட்டாதிருத்தல் வெற்றியாகக் கொள்ளப்பட்டது. பட்டை அணிந்தோருள் 72 விழுக்காட்டினரும் வெறுமனே கவனிக்கப்பட்டோருள் 48 விழுக்காட்டினரும் அந்த எல்லைக்குள் நின்றனர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 13 மணி நேரத்துக்கு மேல் அணிந்தோரிடம் வெற்றி 90 விழுக்காட்டைத் தாண்டியது. பட்டை அணியாதோரிலும் பாதியளவினர் எல்லையைத் தாண்டவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. எந்தச் சிகிச்சையும் செய்யாமலே வளைவு நிற்கக்கூடிய ஒரு நோயில், தாம் குணப்படுத்தியதாக நம்பும் மருத்துவர் பொய் சொல்பவராக இருக்க வேண்டியதில்லை.

இன்றைய உடற்பட்டை, ஒவ்வொரு பிள்ளையின் உடலுக்கும் தனித்தனியே அச்செடுத்துச் செய்யப்படுவது, உட்புறம் உடலின் மேடு பள்ளத்துக்கேற்பக் குழிந்தும் திண்டு வைத்தும் அமைவது, பட்டைகளால் இறுக்கப்படுவது, மாதக்கணக்கில் விடாது அணியப்படுவது. சீன மரபில் இதற்கு நெருங்கிய உறவு ஊசியிலும் கசாயத்திலும் இல்லை. 1742-ஆம் ஆண்டு நூலில் படத்தோடு நிற்கும் தோங்மூ பலகையில் உள்ளது. மரபைப் போற்றி எழுதப்படும் அறிமுகங்கள் து மாய் தடத்தைப் பக்கம் பக்கமாக விளக்குகின்றன. தச்சனும் மருத்துவனும் சேர்ந்து ஒரு முதுகின் அளவுக்குச் செதுக்கிய பலகைக்கு அவற்றில் ஒரு வரியும் கிடைப்பது அரிது.